தீயில் வெந்த ரிவால்வர்: ஒரு சீரமைப்பின் முழுக் குறிப்பு

அந்த ரிவால்வர் என் மேசைக்கு வந்தபோது குண்டு போடும் சிலிண்டர் சுற்றவில்லை, அடித்துச் சுடவைக்கும் சுத்தி அசையவில்லை, மரப்பிடி இருந்த இடத்தில் ஒரு கை கரிதான் இருந்தது. வீடு தீப்பிடித்து எட்டு மாதம் ஆகியிருந்தது. தீயை அணைக்க அடித்த தண்ணீரின் ஈரம் காய்வதற்குள் அதைத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, இறுக்கி முடிச்சும் போட்டு வைத்துவிட்டார்கள். பத்திரமாக இருக்கட்டும் என்ற அக்கறையில் செய்ததுதான். ஆனால் நான் பார்த்த சேதத்தில் பாதி நெருப்பில் நடந்தது, மீதிப் பாதி அந்தப் பைக்குள் நடந்தது.

கொண்டுவந்தவர் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. கூடவே அவருடைய பேரன். "இது எங்க மாமனாரோட அப்பா வச்சிருந்தது, தம்பி. கோல்ட்டு கம்பெனி துப்பாக்கின்னு சொல்லுவாங்க. பழையபடி பண்ணிக் கொடுங்க" என்றார். பேரன் கேட்டது வேறு. "சரி பண்ணிட்டா சுடுமா சார்?"

இந்த இரண்டு கேள்விக்கும் பதில் சொல்ல எனக்கு ஐந்து மாதம் ஆனது.

வேலையைத் தொடுவதற்கு முன் காகிதங்களைப் பார்த்தேன். முன்பக்கமாக வெடிமருந்திட்டு, கேப் என்ற சிறு வெடிமூடியை வைத்துச் சுடும் பழைய துப்பாக்கிகளைச் சில நாடுகளின் சட்டம் பழம்பொருளாகப் பார்க்கிறது, சில நாடுகளின் சட்டம் முழு ஆயுதமாகவே பார்க்கிறது. எரிந்துபோனது என்பதால் அது துப்பாக்கி இல்லாமல் ஆகிவிடாது. அவர்களிடம் இருக்க வேண்டியதெல்லாம் இருந்தது. நகல் எடுத்துக் கோப்பில் வைத்த பிறகுதான் கையுறையை மாட்டினேன்.

குண்டு இருக்கிறதா?

பழைய துப்பாக்கி எதுவாக இருந்தாலும், இல்லை என்று நிரூபணம் ஆகும்வரை உள்ளே குண்டு இருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். "எரிஞ்சதுதானே, இருந்திருந்தா அப்பவே வெடிச்சிருக்கும்" என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். ஆனால் அந்தப் பெரும்பாலுமை நம்பி, சுத்தியலும் ஆப்புமாகத் தட்டப்போகும் ஒரு பொருளின் முன்னால் நான் உட்கார மாட்டேன்.

குழலுக்குள் பித்தளைக் கம்பியை விட்டு ஆழம் பார்க்கலாம். ஆனால் அது சிலிண்டரின் ஆறு அறைகளில், சுத்திக்கு நேராக நிற்கும் ஓர் அறையைப் பற்றி மட்டும்தான் சொல்லும். மற்ற ஐந்து அறைகளின் வாயும் துருவும் கசடுமாக மூடிக் கிடந்தன. அதனால் எக்ஸ்ரே எடுத்தோம். குண்டு காரீயத்தால் ஆனது. இரும்பைவிடக் காரீயம் கதிரை மிக அதிகமாகத் தடுக்கும், படத்தில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும்.

தெரிந்தது. ஆறு அறைகளில் இரண்டில் காரீயம் இருந்தது. ஆனால் உருண்டையாக இல்லை. உருகி, அறையின் ஒரு பக்கச் சுவரோடு நீளவாக்கில் படிந்து உறைந்திருந்தது, சாய்த்து வைத்த கிண்ணத்தில் மெழுகு உறைந்தாற்போல. காரீயத்துக்குப் பின்னால் அடைபட்ட வெளி எதுவும் இல்லை, அதாவது மருந்து ஒளிந்திருக்க இடம் இல்லை. அந்தக் குண்டுகளுக்குப் பின்னால் உயிருள்ள மருந்து இருந்திருந்தால் அவை அங்கே தங்கியிருக்காது. மருந்து இல்லாமலே திணிக்கப்பட்டிருக்கலாம், அல்லது பல காலம் ஈரம் ஏறி வெடியுப்பு கரைந்து மருந்து செத்துப்போயிருக்கலாம்.

எனக்கு அந்தப் படம் வேறொன்றையும் காட்டியது. உருகிய காரீயம் கீழ்ப்பக்கம்தான் தேங்கும். இரண்டு அறையிலும் அது ஒரே திசையில் தேங்கியிருந்தது. அப்படியானால் எரியும்போது இந்தத் துப்பாக்கி இடப்பக்கம் கீழாகப் படுத்திருந்தது. அந்த அம்மாவிடம் கேட்டேன். மர அலமாரியின் மேல்தட்டில், துணிமேல், படுக்கவைத்துத்தான் வைத்திருந்தார்களாம்.

நெருப்பு எவ்வளவு சூடு?

தீயில் வெந்த பொருளைத் துடைக்கும் முன் படிக்க வேண்டும். துடைத்துவிட்டால் திரும்பக் கிடைக்காத தகவல் அதில் இருக்கிறது. எந்த அளவு சூட்டைத் தாங்கியது என்று தெரியாமல், அந்த இரும்பில் இன்னும் என்ன மிச்சம் என்று சொல்லவே முடியாது.

காரீயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். ஆக, சிலிண்டர் அதைத் தாண்டியது உறுதி. மேல் எல்லைக்குப் பித்தளையைப் பார்த்தேன். விசையைச் சுற்றி நிற்கும் விசைக்காப்பும் பிடியின் பின்பட்டையும் பித்தளை. கலப்பைப் பொறுத்து பித்தளை சுமார் 900 டிகிரியை ஒட்டி உருகத் தொடங்கும். இதில் எங்கேயும் உருகல் இல்லை, விளிம்புகள் கூராகவே இருந்தன. ஆனால் வலப்பக்கம் மட்டும் செம்பு நிறம் ஏறிச் சிவந்திருந்தது. பித்தளையைக் கடுமையாகச் சுட்டால் மேற்பரப்பில் உள்ள துத்தநாகம் ஆவியாகிப் போகும், செம்பு மிஞ்சும். இடப்பக்கம் இன்னும் மஞ்சள் சாயலோடே இருந்தது. காரீயம் சொன்ன கதையோடு இது பொருந்துகிறது: வலப்பக்கம் மேலே, நெருப்பைப் பார்த்து.

இரும்பின் மேல் தடித்த சாம்பல்-கறுப்புச் செதில் இருந்தது, தகட்டுத் தகடாக. 200, 300 டிகிரியில் இரும்பு வைக்கோல் நிறமும் நீலமும் ஏறும். அது மெல்லிய படலம். விரலால் பெயர்க்கக்கூடிய செதில் வளர வேண்டுமென்றால் சூடு அதைவிட வெகு தூரம் மேலே போயிருக்க வேண்டும், நெடுநேரம் அங்கேயே நின்றிருக்க வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, 650-க்கும் 800-க்கும் இடையில் என்று குறிப்பேட்டில் எழுதினேன்.

அந்த எண் எழுதியதுமே பேரனின் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. மீதியைப் பின்னால் சொல்கிறேன்.

துருவுக்கு வருகிறேன். இன்றைய வீடுகளில் நெருப்பு என்றால் மரம் மட்டும் எரிவதில்லை. மின்கம்பியின் உறை, குழாய், தரைவிரிப்பு என்று பி.வி.சி. எரிகிறது. பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும். அது ஈரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம். சூட்டில் விரிசல் விட்ட செதிலின் அடியில் அந்தக் குளோரைடு புகுந்து உட்கார்ந்துகொள்ளும். பிறகு எத்தனை முறை மேலே எண்ணெய் தடவினாலும் அடியிலிருந்து துரு வந்துகொண்டே இருக்கும். பையைப் பிரித்தபோது சட்டகத்தின் கீழ்ப்பகுதியில் சின்னச் சின்ன ஆரஞ்சுத் துளிகள் வியர்வை போல நின்றன. குளோரைடு உள்ளே இருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை.

பிரித்தது

முதலில் சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியில் இரண்டு வாரம் உலரவிட்டேன். அரிப்பு அங்கேயே நிற்கட்டும், யோசிக்க நேரம் கிடைக்கட்டும் என்பதற்காக.

இது கோல்ட்டின் 1851 நேவி என்று அழைக்கப்படும் மாதிரியின் அமைப்பு. எண்கோணக் குழல், திறந்த மேற்புறம், சிலிண்டரின் மேல் பாலம் கிடையாது. சிலிண்டரின் நடுவே போகும் அச்சில் ஒரு துளை, அந்தத் துளை வழியாகக் குழலைக் கோத்துப் பிடிக்கும் ஓர் ஆப்பு. துப்பாக்கி மொத்தமும் அந்த ஓர் ஆப்பை நம்பித்தான் நிற்கிறது. அதை எடுத்துவிட்டால் குழல், சிலிண்டர், சட்டகம் என்று மூன்றாகப் பிரியும். எடுப்பதுதான் கஷ்டம். இரும்பு துருவானால் ஏறத்தாழ இரண்டு மடங்கு இடம் கேட்கும். ஆப்புக்கும் துளைக்கும் நடுவில் அந்த இரண்டு மடங்கு நிரம்பியிருந்தது.

மெல்லிய எண்ணெயை ஊசியால் ஆப்பின் ஓரத்தில் மட்டும் விட்டேன், நாளுக்கு இரண்டு தடவை, மூன்று வாரம். மொத்தத் துப்பாக்கியையும் எண்ணெயில் ஊறப்போட்டிருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும். ஆனால் பிறகு தண்ணீரால் குளோரைடை வெளியேற்ற வேண்டும், எண்ணெய் குடித்த துரு தண்ணீரை உள்ளே விடாது. பற்றவைக்கும் விளக்கால் சுட்டு விடுவிக்கலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். ஏற்கெனவே ஒருமுறை வெந்த இரும்பை மறுபடி சுட எனக்கு மனம் வரவில்லை. எவ்வளவு சூட்டைப் பார்த்தது என்ற தடயமும் அதோடு கலைந்துவிடும்.

இருபத்திரண்டாம் நாள், பித்தளைத் துளையாணியை ஆப்பின் வல முனையில் வைத்து இடப்பக்கமாகத் தட்டினேன். இந்த வகையில் ஆப்பு இடப்பக்கமிருந்து நுழையும், எனவே வலப்பக்கமிருந்துதான் வெளியே தள்ள வேண்டும். நாலைந்து தட்டுக்குச் சத்தம் கெட்டியாகவே இருந்தது. அப்புறம் ஒரு தட்டில் சத்தம் மாறியது, 'டொக்' என்று சற்றே உள்ளீடு இல்லாத ஒலி. கையில் உணர்வதற்கு முன்பே காதில் தெரிந்துவிட்டது. ஆப்பு ஒரு முடியளவு நகர்ந்திருந்தது. அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிட்டு, புதிதாகத் திறந்த அந்த இடைவெளியில் மறுபடி எண்ணெய் விட்டேன். மறுநாள் ஆப்பு முழுசாக வந்தது.

திருகுகளில் ஒன்றில் தவறு செய்தேன். விசைக்காப்பைப் பிடிக்கும் மூன்று திருகுகளில் முன்திருகு. அதன் பிளவுக்குச் சரியாக அரைத்துப் பொருத்திய திருப்புளிதான், ஊறவிட்ட நேரமும் போதும் என்று நினைத்தேன். தலை முறிந்துவிட்டது. துளைபோட்டு எடுத்திருக்கலாம். ஆனால் அந்த இடத்தில் சட்டகத்தின் மரை இன்னும் நன்றாக இருப்பது எக்ஸ்ரேயில் தெரிந்தது. துளைபோடும் முனை விலகினால் அதுவும் போகும். தண்டை அப்படியே விட்டுவிட்டேன். மற்ற இரண்டு திருகும் காப்பைத் தாங்கப் போதும். தலை முறிந்ததையும் அது என் கையால் முறிந்தது என்பதையும் அறிக்கையில் எழுதினேன். இன்னும் ஐம்பது வருடம் கழித்து இதைத் திறக்கும் ஒருவர் அந்த முறிவையும் நெருப்பின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

வளைவு

சுத்தம் செய்யும் முறையைத் தேர்ந்தெடுப்பதில்தான் எனக்கு அதிக நேரம் போனது. மணல் வீச்சு வேண்டாம் என்பது முதலிலேயே முடிவு. அமிலமும் வேண்டாம், அது துருவையும் இரும்பையும் பிரித்தறியாது. மின்பகுப்பு பலருக்குப் பிடித்த முறை. சோடியம் கார்பனேட் கரைசலில் பொருளை எதிர்மின்முனையாகத் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சினால் துரு தளர்ந்து விழும். வெறும் துருவுக்கு அது நல்ல முறைதான். இங்கே மேற்பரப்பு துருவால் மட்டும் ஆனது இல்லை. மேலே செந்துரு, அதன் அடியில் நெருப்பு வளர்த்த செதில், அதன் அடியில் உலோகம். முத்திரையோ எழுத்தோ இருந்தால் அதன் வடிவம் அந்தச் செதிலிலும் பதிந்திருக்கும். மின்பகுப்பில் எழும் ஹைட்ரஜன் குமிழிகள் செதிலை அடியோடு தூக்கி எறிந்துவிடும். தொட்டியின் அடியில் கசடாகக் கிடக்கும்போது அதில் என்ன எழுதியிருந்தது என்று யாரும் படிக்க முடியாது.

ஆகவே உருப்பெருக்கியின் கீழ், ஸ்கால்பெல்லும் மூங்கில் குச்சியும் கண்ணாடி இழைத் தூரிகையும். சிலிண்டருக்கு மட்டும் பதினொரு நாள்.

நான் தேடியது ஒரு கப்பலை. அசல் கோல்ட் 1851 நேவியின் சிலிண்டரைச் சுற்றி ஒரு கடற்போர்க் காட்சி உருட்டிப் பதிக்கப்பட்டிருக்கும். வாட்டர்மன் ஆர்ம்ஸ்பி என்ற செதுக்குக் கலைஞர் செய்த அச்சு அது. 1843 மே 16 அன்று காம்பேச்சே கடலில் டெக்ஸஸ் கடற்படை மெக்சிகோ கடற்படையோடு மோதிய காட்சி, அந்தத் தேதியும் சேர்த்தே இருக்கும். சாமுவேல் கோல்ட் 1836-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர். 1850 முதல் 1873 வரை இந்த மாதிரியில் ஹார்ட்ஃபோர்டு தொழிற்சாலையில் மட்டும் இரண்டு லட்சத்துக்கு மேல் செய்தார்கள், லண்டனில் சில ஆண்டுகள் தனியாக ஒரு தொழிற்சாலையும் நடந்தது. குடும்பத்தார் சொன்னது உண்மையானால் பாய்மரம் ஒன்றாவது எங்கேயாவது மிஞ்சியிருக்க வேண்டும்.

ஆறாம் நாள், இருபது மடங்குப் பெருக்கத்தில் ஒரு வளைவு தெரிந்தது. அலை என்றுதான் முதலில் நினைத்தேன். வளைவு நீண்டு, திரும்பி, தன் வாலைத் தானே வந்து தொட்டது. நீள்வட்டம். அதனுள்ளே மேலே ஓர் ஈ, அதற்குக் கீழே ஒரு எல். அதற்கடுத்த இடத்தில் செதில் புடைத்து நின்றது. ஊசிமுனையால் விளிம்பைத் தொட்டதுமே அந்தத் துண்டு, சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவு இருக்கும், தானாகவே கழன்று இடுக்கியில் வந்துவிட்டது. அதைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கத்தில் ஒரு ஜி, கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறி, புடைப்பாக நின்றது. உலோகத்தில் குழிவாக இருக்கும் எழுத்தின் வார்ப்பை நெருப்பு செதிலில் எடுத்து வைத்திருந்தது.

ஈ, எல், ஜி. பெல்ஜியத்தின் லியேஜ் நகரத் துப்பாக்கிச் சோதனைச்சாலையின் முத்திரை. லியேஜில் 1672-லேயே குழல்களைச் சோதித்து முத்திரையிடும் சட்டம் வந்துவிட்டது. 1893-க்குப் பிறகு இந்த நீள்வட்டத்தின் தலையில் ஒரு கிரீடம் சேர்ந்தது. இதில் கிரீடம் இல்லை, அந்த இடத்தில் உலோகம் மழமழவென்று முழுசாக இருந்தது. அதனால் 1893-க்கு முந்தையது என்று சொல்லலாம். லியேஜில் அந்தக் காலத்தில் கோல்ட்டைப் பார்த்து ஏராளமாகச் செய்தார்கள். அனுமதி இல்லாமல் செய்தவையும் உண்டு, உரிமத்தோடு 'கோல்ட் பிரெவெத்தே' (பிரெஞ்சில், கோல்ட் காப்புரிமை) என்று பொறித்துச் செய்தவையும் உண்டு. குழலின் மேற்புறம் அரிப்பு ஆழமாக இறங்கியிருந்ததால் இதில் அப்படி ஏதாவது பொறித்திருந்ததா என்பது போய்விட்டது.

அந்த அம்மாவுக்கு போன் செய்து சொன்னேன்.

"அப்ப இது கோல்ட்டு இல்லையா தம்பி?"

"கோல்ட்டைப் பாத்து பெல்ஜியத்துல பண்ணதும்மா. நூத்துமுப்பது வருஷத்துக்கும் மேல ஆகுது. வேலைப்பாடு நல்ல வேலைப்பாடு."

கொஞ்ச நேரம் பேச்சு இல்லை. "எங்க மாமனார் சாகுறவரைக்கும் கோல்ட்டுன்னுதான் சொன்னார். அவர் சொன்னது அவர் சொன்னதாவே இருக்கட்டும். நீங்க உள்ளதை எழுதுங்க."

அறிக்கையில் இரண்டையும் எழுதினேன். முதல் வரியில் குடும்பம் சொல்லி வந்தது, இரண்டாம் வரியில் முத்திரை சொல்வது.

சுடுமா?

சோதனைச்சாலை முத்திரை என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். வழக்கமாகப் போடும் அளவைவிட அதிக மருந்தைத் திணித்து, வேண்டுமென்றே மிகை அழுத்தத்தில் சுடுவார்கள். வெடிக்காமல், பிளக்காமல், வீங்காமல் தாங்கினால் அதன் மேல் முத்திரை விழும். வாங்குகிறவனுக்கு அது ஒரு வாக்குறுதி: இந்த இரும்பு தாங்கும்.

அந்த வாக்குறுதி கொடுக்கப்பட்டது அன்றைக்கு இருந்த இரும்புக்கு. இன்று என் கையில் இருப்பது வேறு இரும்பு. வடிவம் அதேதான், பதம் வேறு. கொல்லருக்குத் தெரியும், எஃகின் குணம் பாதி அதன் கலவையிலும் பாதி அதற்குக் கொடுத்த சூட்டிலும் குளிரிலும் இருக்கிறது. வில்லை, அதாவது ஸ்பிரிங்கை, உலையில் பழுக்கவைத்து, தோய்த்து, அளவாகத் திரும்பச் சுட்டுப் பதம் ஏற்றுவார்கள். அதே வில்லை நெருப்பில் போட்டு, மெதுவாக ஆறவிட்டால் ஏற்றிய பதம் எல்லாம் இறங்கிவிடும்.

சுத்தியை இயக்கும் முதன்மை வில்லை வெளியே எடுத்தபோது பார்க்க முழுசாக இருந்தது. ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையைக் கட்டைவிரலால் ஐந்து மில்லிமீட்டர் அழுத்தி விட்டேன். திரும்பி வரவில்லை. அழுத்திய இடத்திலேயே நின்றது, காரீயத் தகடு போல. எத்தனையோ வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். அந்த நிமிடம் எனக்கு இன்றும் கனமாகத்தான் இருக்கிறது. வில்லாகப் பிறந்தது வில்லாக இல்லை.

சுத்தியும் விசையும் உரசும் இடங்கள் மேற்பரப்பு மட்டும் கடினமாக்கப்பட்டவை. எலும்புக்கரியும் தோல்கரியும் சேர்த்துப் பெட்டியில் அடைத்து உலையில் வைத்தால் கரி இரும்பின் தோலில் ஏறும், பிறகு தண்ணீரில் தோய்த்தால் அந்தத் தோல் கெட்டிப்படும். கெட்டியான இடத்தில் புது அரம் வழுக்கிக்கொண்டு போகும். சுத்தியின் உட்புறம், வெளியே தெரியாத ஓரத்தில் அரத்தை ஒருமுறை வைத்துப் பார்த்தேன். கடித்தது. பின்னுக்கு இழுத்த சுத்தியை விசை பிடித்து நிறுத்துவது முடியளவு அகலமுள்ள ஒரு வெட்டில்தான். அந்த வெட்டு மென்மையாகிவிட்டால் அது தேயும், ஒருநாள் விரல் படாமலே சுத்தி நழுவும்.

சிலிண்டர் இதைவிட மோசம். அறைகளுக்கு நடுவில் சுவர் சில மில்லிமீட்டர்தான், அதிலிருந்து செதிலாகப் போனது ஒரு பங்கு, துருக்குழிகள் தின்றது இன்னொரு பங்கு. மிஞ்சியதன் உள்ளே உலோகத்தின் மணிகள் (நுண்படிகங்கள்) எப்படி வளர்ந்திருக்கின்றன என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல வழியில்லை.

பேரன் நேரிலேயே வந்து கேட்டான். "மறுபடி சூடுபண்ணி, தோய்ச்சு, பதம் ஏத்த முடியாதா சார்? புது ஸ்பிரிங் போட்டா ஆகாதா?"

நியாயமான கேள்வி. புது வில் போடலாம், ஒரு மணி நேர வேலை. சுத்தி டிக்கென்று விழும், பார்க்கிறவர்கள் சந்தோஷப்படுவார்கள். அதனால்தான் போடவில்லை. வேலை செய்வதுபோல் தெரிகிற துப்பாக்கியை, பத்து வருடம் கழித்து, இந்தக் கதை எதுவும் தெரியாத ஒருவர் சுட்டுப்பார்ப்பார். சிலிண்டரை மறுபடி பதப்படுத்துவது அதைவிட ஆகாது. செதிலாகிப் போன உலோகம் அதனால் திரும்ப வராது, குழிகள் நிரம்பாது, இருக்கும் நுண்விரிசல்கள் தோய்க்கும்போது திறந்துகொள்ளும். லியேஜ் முத்திரை அப்படியே இருக்கிறது, அது கொடுத்த வாக்கு நெருப்போடு போய்விட்டது என்று அவனிடம் சொன்னேன். முத்திரையை லென்ஸில் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு சுடுவதைப் பற்றிக் கேட்கவில்லை.

பழைய வில்லையே திரும்ப மாட்டினேன். சுத்தி கீழே இறங்கிய நிலையில், அதன் பின்னால் தெரியாத இடத்தில் ஒரு பித்தளைத் தகட்டை வைத்து அசையாமல் நிறுத்திவிட்டேன். திருகைக் கழற்றினால் தகடு வந்துவிடும், துப்பாக்கியில் எதையும் வெட்டவோ துளைக்கவோ இல்லை.

கொதிநீரும் மெழுகும்

எல்லா இரும்பு உறுப்புகளையும் அசிட்டோனில் எண்ணெய் போகக் கழுவி, காய்ச்சி வடித்த தண்ணீரில் கொதிக்கவைத்தேன். கொதிக்கிற தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் மிகக் குறைவு. அந்த நிலையில் செந்துரு மெதுவாகக் கறுப்புத் துருவாக, அதாவது மேக்னடைட்டாக மாறும். செந்துரு உதிரும், ஈரத்தை உறிஞ்சும். மேக்னடைட் உலோகத்தோடு ஒட்டி நிற்கும். பழைய துப்பாக்கிகளுக்குக் கறுப்பேற்ற இதே முறையைத்தான் கைவினைஞர்கள் பயன்படுத்தினார்கள். அரை மணி நேரக் கொதிப்பு, பிறகு எண்ணெய் நீக்கிய மிக மெல்லிய எஃகுப் பஞ்சால் தளர்ந்த தூளை மட்டும் துடைப்பது, மறுபடி கொதிப்பு.

காரீயம் இருந்த சிலிண்டரை மட்டும் தனிப் பாத்திரத்தில் வைத்தேன், அந்தத் தண்ணீரையும் தனியாகச் சேர்த்து நச்சுக் கழிவாகவே அப்புறப்படுத்தினேன்.

ஒவ்வொரு முறையும் தண்ணீரில் கொஞ்சம் எடுத்து, இரண்டு சொட்டு நீர்த்த நைட்ரிக் அமிலமும் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட்டும் விட்டுப் பார்த்தேன். குளோரைடு இருந்தால் வெள்ளையாகக் கலங்கும். முதல் கொதிப்பின் தண்ணீர் பால் ஊற்றினாற்போல் திரண்டது. நான்காவதில் புகை போல. எட்டாவதில் கறுப்புத் துணியின் முன் தூக்கிப் பிடித்தால்தான் தெரிந்தது. ஒன்பதாவது தெளிவு. தெளிவு என்றால் கரைந்து வரக்கூடியது வந்துவிட்டது என்றுதான் அர்த்தம். செதிலின் அடியில் ஆழத்தில் இருப்பது அங்கேயேதான் இருக்கும்.

ஆழமான குழிகளில் மட்டும் டானிக் அமிலக் கரைசலை மெல்லிய தூரிகையால் வைத்தேன். அது துருவோடு சேர்ந்து நீலக்கறுப்பாக இறுகும். முத்திரையின் மேல் வைக்கவில்லை. பித்தளையைப் பளபளக்க வைக்கவில்லை, வலப்பக்கத்தின் செம்புச் சாயல் அப்படியே இருக்கிறது. இதில் அந்த அம்மாவுக்கு முதலில் சம்மதமில்லை. "ஒரு பக்கம் மஞ்சள், ஒரு பக்கம் சிவப்பு, பாக்க நல்லாவா இருக்கும்?" என்றார். 1841 அக்டோபரில் லண்டன் கோபுரத்தின் பெரிய ஆயுதக் கிடங்கு எரிந்ததையும், அதில் வெந்து முறுக்கிக்கொண்ட ஆயுதங்களை அப்படியே நினைவுப்பொருளாக மக்கள் வாங்கிப் போனதையும் சொன்னேன். அவற்றுக்கு இன்று இருக்கும் மதிப்பு அந்த நெருப்பால் வந்ததுதான். அந்த அம்மாவை இந்த வரலாறு அசைத்ததாகத் தெரியவில்லை. எரிந்த அன்று துப்பாக்கி எந்தப் பக்கம் படுத்திருந்தது என்பதை அந்த நிறம்தான் காட்டுகிறது என்றதும், விரலால் சிவந்த பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "சரி, இருக்கட்டும்" என்றார்.

பிடியைப் புதிதாக வால்நட் மரத்தில் செய்தேன். பின்பட்டையின் உட்புறத்தில் ஒட்டியிருந்த பழைய பிடியின் கரித்துண்டுகளை எடுத்துச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டேன், ஜி எழுத்து பதிந்த செதிலுக்கு இன்னொரு குப்பி. புது மரத்தின் உட்புறத்தில் ஆண்டையும் 'புதிது' என்ற சொல்லையும் சுட்டுப் பொறித்திருக்கிறேன். கடைசியாக, நுண்படிக மெழுகு. உறுப்புகளை வெயிலில் வைத்த அளவுக்கு வெதுவெதுப்பாக்கி, ஒரு பூச்சு, ஆறியதும் துடைத்து மறு பூச்சு.

வைத்திருக்கும் விதம்

குளோரைடு முழுசாகப் போகாத இரும்புக்கு மெழுகு போதாது, காற்றின் ஈரப்பதத்தைக் குறைக்க வேண்டும். பிரிஸ்டலில் இருக்கும் கிரேட் பிரிட்டன் என்ற பழைய இரும்புக் கப்பலின் அடிப்பகுதியை இப்படித்தான் காக்கிறார்கள், உலர்த்திய காற்றில் 20 சதவீத ஈரப்பதத்தில். கப்பலுக்குப் பெரிய இயந்திரம் வேண்டும். ஒரு ரிவால்வருக்குக் காற்றுப் புகாத பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் ஈரமானி ஒன்றும் போதும். ஓக் மரப் பெட்டி வேண்டாம் என்று அழுத்திச் சொன்னேன். அழகாக இருக்கும் என்று பலர் தேர்ந்தெடுப்பது அதைத்தான். ஓக்கிலிருந்து அசெட்டிக் அமில ஆவி கசிந்துகொண்டே இருக்கும், அது காரீயத்தை வெள்ளைத் தூளாக்கிவிடும். இரண்டு அறைகளில் உறைந்திருக்கும் காரீயத்தை நான் எடுக்கவில்லை. அது அங்கேதான் இருக்க வேண்டும்.

ஆறு மாதம் கழித்துப் பெட்டியோடு வந்தார்கள். ஈரமானி 18 காட்டியது. குழலின் அடிப்பகுதியில், குண்டைத் திணிக்கும் ஏற்றுக்கோல் மடங்கும் இடத்தில், கடுகளவு ஓர் ஆரஞ்சுப் புள்ளி. மற்ற இடமெல்லாம் அமைதியாக இருந்தது. அந்த இடத்தின் மெழுகை எடுத்து, புள்ளியைச் சுரண்டி, டானிக் அமிலம் வைத்து, உலரவிட்டு மறுபடி மெழுகிட்டேன். அதற்குள் பேரன் உருப்பெருக்கியை இழுத்து வைத்து, தன்னோடு வந்திருந்த நண்பனுக்கு ஈ, எல், ஜி என்று ஒவ்வோர் எழுத்தாகக் காட்டிக்கொண்டிருந்தான். ஜி-யைக் காட்டக் குப்பியையும் எடுத்தான். அடுத்த சோதனைக்கு ஆறு மாதம் தள்ளி ஒரு தேதியை எழுதிக்கொண்டோம்.